முதல் கரண்டி தலைமையாசிரியருக்கு

ஜூன் 2, திங்கள்

பள்ளி திறந்தது. தலைமையாசிரியராக எனக்கு முதல் நாள்.

பதவி உயர்வு என்று சொல்லி ஓடைப்பாளையத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள். பவானியில் பஸ் ஏறி, இறங்கி, ஒரு பர்லாங் நடக்க வேண்டும். இரண்டு வகுப்பறை, ஒரு சமையலறை, ஒரு வேப்பமரம், ஷர்மிளா டீச்சர். ஒன்றிலிருந்து ஐந்து வரை எல்லாப் பிள்ளைகளும் எங்கள் இரண்டு பேர் தலையில். ஷர்மிளா டீச்சருக்கு ஈரோட்டிலிருந்து வரும் பஸ் ஒன்பதைத் தாண்டித்தான் வரும். ஆகவே காலை நேரத்து ராஜ்ஜியம் என்னுடையது.

சாவிக் கொத்தைக் கொடுத்த பழைய தலைமையாசிரியர் ஒரு விஷயத்தை அழுத்திச் சொன்னார். காலைச் சாப்பாடும் மதியச் சாப்பாடும் எல்லாப் பிள்ளைகளுக்கும் இங்கேதான். பரிமாறும் முன் முதல் கரண்டியைத் தலைமையாசிரியர் சாப்பிட்டுப் பார்த்து, சரி என்று சொல்ல வேண்டும். அதன் பிறகுதான் தட்டு நகரும்.

இதை என்னிடம் போய்ச் சொல்கிறார். எங்கள் பங்காளி வகையறாவில் எந்தக் கல்யாணமானாலும் இந்தத் தண்டபாணியின் உள்ளங்கையில் ரசத்தை ஊற்றாமல் இலை விரிக்க மாட்டார்கள். சமையல்காரர்கள் என்னைக் கண்டால் துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டுவார்கள். அரசாங்கமே என் நாக்கைத் தேடி வந்திருக்கிறது என்று மனைவி கோகிலவாணியிடம் சொன்னேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை.

மே மாதம் வந்த காய்ச்சலின் மிச்சமாக மூக்கு இன்னும் மந்தம். நாக்கிலும் ஒன்றும் தெரியவில்லை. சளி இறங்கினால் சரியாகிவிடும்.

ஜூன் 3, செவ்வாய்

காலை உணவு இன்றைக்குத்தான் தொடங்கியது. சமைக்கிறவள் பெயர் புவனேஸ்வரி. மகளிர் குழுவிலிருந்து வந்திருக்கிறாள். முன்பு சமைத்த பெண் பிரசவத்துக்குப் போய்விட்டதால் இவளுக்கும் இது முதல் வாரம். சமைக்கிறவரின் பிள்ளை இதே பள்ளியில் படிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. இவள் மகள் மிருதுளா மூன்றாம் வகுப்பு. எண்ணெய் வழிய வாரிய இரட்டைச் சடை, யாரையும் நேராகப் பார்க்கிற கண்.

புவனா என்னைப் பார்த்ததும் வெலவெலத்துப் போனாள். பெருந்துறைக் கல்யாணம் ஒன்றில் நான் ஒரு அண்டா சாம்பாரைத் திருப்பி அனுப்பியபோது அவளும் அங்கே காய் நறுக்க வந்திருந்தாளாம். அதை அவளே சொன்னாள். கிச்சடி எடுத்துக் கொடுத்தபோது கரண்டி தட்டில் தாளம் போட்டது.

வாயில் போட்டேன். சூடு தெரிந்தது. ரவை வெந்திருக்கிறது என்று பல்லுக்குத் தெரிந்தது. அதற்கு மேல் ஒன்றுமில்லை, நனைத்த பஞ்சை மென்றது போல. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பக்குவம் என்றால் இதுதான் அம்மிணி, உப்பும் காரமும் ஒன்றை ஒன்று தாண்டாமல் நிற்கின்றன என்றேன். அவள் விட்ட மூச்சு அடுப்பை அணைத்திருக்கும்.

முதல் நாளே ஒரு பெண்ணைக் கலங்கடிக்க எனக்கு மனம் வரவில்லை. அதற்காகத்தான் அப்படிச் சொன்னேன்.

ஜூன் 4, புதன்

வெண்பொங்கல். மிளகு அளவாக விழுந்திருக்கிறது என்றேன். கண்ணால் பார்த்துச் சொன்னதுதான், பொய்யில்லை.

ஜூன் 9, திங்கள்

ஆவி பிடித்தேன். துளசி, தூதுவளை, மிளகுப் பால் எல்லாம் ஆயிற்று. மூக்கடைப்பு நீங்கிவிட்டது, மணம்தான் இன்னும் வரவில்லை. நாக்கும் பின்தங்கி இருக்கிறது. சளி என்றால் அப்படித்தான், உறுப்பு உறுப்பாக விடைபெறும்.

இதற்குள் ஒரு முறை பழகிவிட்டது. நிறம் பார்க்கலாம். கரண்டியிலிருந்து எப்படி விழுகிறது என்று பார்க்கலாம். கடுகு வெடித்திருக்கிறதா, பருப்பு மசிந்திருக்கிறதா என்று பார்க்கலாம். இத்தனையும் பார்த்த பிறகு உப்பைப் பற்றித் தனியாகக் கவலைப்பட என்ன இருக்கிறது? மதியச் சாப்பாட்டுக்கு அந்தச் சிரமமும் இல்லை. சத்துணவு சமைக்கும் தாயம்மா அக்கா கொதி வரும் முன் ஒரு தரம், வந்த பின் ஒரு தரம், இறக்கி ஒரு தரம் உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்க்கிறவர். அவர் சப்புக் கொட்டினால் நானும் சப்புக் கொட்டிவிடுவேன்.

புவனாவும் அப்படித்தான் பார்ப்பாள் என்று நினைத்திருந்தேன். இன்றைக்குப் பேச்சுவாக்கில், நீ ருசி பார்த்தாயா அம்மிணி என்று கேட்டேன். அவள் திடுக்கிட்டுப் போனாள்.

“சாமிக்குப் பண்றப்ப ஆராச்சும் வாய் வெச்சுப் பாப்பாங்களாங்க சார்? எனக்குப் பிள்ளைகளும் அப்படித்தானுங்க. அதுக தின்னு முடிக்கிற மட்டும் ஒரு பருக்கை தொட மாட்டேனுங்க. அப்பறம் மிஞ்சறதும் இல்லீங்க. அதான் நீங்க இருக்கீங்களே.”

கேட்க நன்றாக இருந்தது. அரைக் கண் நனைந்தது என்றே சொல்லலாம். வகுப்புக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான், பானைக்கும் பிள்ளைகளுக்கும் நடுவே இருக்கிற ஒரே நாக்கு என்னுடையது என்று உறைத்தது.

சளி சீக்கிரம் போனால் தேவலை.

ஜூன் 16, திங்கள்

ஒழுங்கு நடவடிக்கை எடுக்க வேண்டியதாயிற்று. காலைச் சாப்பாட்டு வரிசையில் மூன்று பிள்ளைகளின் பாக்கெட்டில் சின்னச் சின்னக் காகிதப் பொட்டலங்கள். வாங்கிப் பிரித்தேன். வெள்ளைத் தூள். விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, இன்னதென்று முடிவுக்கு வர முடியாமல் மேஜைமேல் வைத்தேன். பிறகு வந்த ஷர்மிளா டீச்சர் ஒரு துளி எடுத்து, உப்பு சார் என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது என்றேன்.

உப்பு என்றால் மாங்காய்க்குத்தான். ரோட்டோரத் தோப்பில் கல்லெறிகிறார்கள். பிரார்த்தனைக் கூட்டத்தில் அடுத்தவர் மரத்தைப் பற்றி நீளமாகப் பேசினேன். பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மிருதுளா மட்டும், இனிமேல் மாங்காய் பறிக்க மாட்டோமுங்க சார் என்று எல்லோருக்குமாகச் சேர்த்து உறுதி சொன்னாள். தலைமைப் பண்பு உள்ள பிள்ளை.

ஜூன் 24, செவ்வாய்

கோகிலவாணி ரசம் வைத்திருந்தாள். அருமை, பூண்டு தட்டிப் போட்டாயா என்றேன். ஊம் என்றாள். இன்னும் கொஞ்சம் ஊற்றட்டுமா என்றாள். ஊற்று என்றேன். நான் குடித்து முடிக்கும்வரை எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்துக்குப் பிறகும் புகழ்ந்தால் அவளுக்குக் கூச்சம் வருகிறது.

ஜூலை 2, புதன்

புவனா இப்போது நிமிர்ந்து நடக்கிறாள். நான் சொல்லும் ஒவ்வொன்றையும் மகளிர் குழுக் கூட்டத்தில் ஒப்பிக்கிறாளாம். தண்டபாணி சாரே பக்குவம்னுட்டாரு என்று சொன்னதும் மற்ற பெண்கள் வாயடைத்துப் போனார்களாம். ஷர்மிளா டீச்சர் சொன்னார்.

அவர் இன்னொன்றும் சொன்னார். போன வருஷம்வரை புவனா நூல் மில்லுக்குப் போய்க்கொண்டிருந்தாள். விடிவதற்குள் மில் வேன் வாசலுக்கு வந்துவிடும். மிருதுளா எழுந்திருக்கும்போது அம்மா இருக்க மாட்டாள். தானே தலை வாரி, தானே பூட்டி, வெறும் வயிற்றோடு பள்ளிக்கு வரும். கணவன் லாரி ஓட்டுகிறான், வந்தால் உண்டு. இந்த வேலை கிடைத்த பிறகுதான் தாயும் மகளும் ஒன்றாக வீட்டைப் பூட்டிக்கொண்டு ஒன்றாக நடந்து வருகிறார்கள். வேலை போனால் மறுபடியும் வேன்தான்.

வேலை ஏன் போக வேண்டும்? எனக்கு அந்தப் பேச்சே பிடிக்கவில்லை.

ஜூலை 10, வியாழன்

பிள்ளைகள் இப்போதெல்லாம் உப்புமாவுக்குப் பிறகு நிறையத் தண்ணீர் குடிக்கிறார்கள். சுகாதாரம் பற்றி நான் நடத்திய பாடம் வீண்போகவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

கோகிலவாணி தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு ஐந்து கிண்ணம் எடுத்து வைத்தேன். சர்க்கரை, உப்பு, புளிக்கரைசல், மிளகாய்த்தூள், நிலவேம்புக் குடிநீர். கண்ணை மூடிக்கொண்டு கிண்ணங்களை இடம் மாற்றிவிட்டு, ஒவ்வொன்றாக எடுத்து வாயில் விட்டேன்.

மிளகாய் எரிந்தது. மற்ற நான்கும் ஒன்றுதான். கண்ணைத் திறந்து பார்த்தால், சர்க்கரை என்று நினைத்து நான் சப்பிக்கொண்டிருந்தது உப்பு.

கிண்ணங்களைக் கழுவிக் கவிழ்த்தேன். எனக்குப் பயமாக இருக்கிறது. பெரியவன் எழுதக்கூடிய வார்த்தை இல்லை, ஆனாலும் இங்கே எழுதாமல் வேறெங்கே எழுதுவது? என்னை நாலு பேர் எதற்குக் கூப்பிட்டார்களோ அது என்னிடம் இல்லை. பாடம் நடத்துகிறவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். ரசத்துக்குத் தண்டபாணி ஒருவன்தான் இருந்தான்.

சளிக்கு மருந்தை மாற்ற வேண்டும்.

ஜூலை 28, திங்கள்

ஒன்றாம் வகுப்பில் கவினேஷ் என்று புதிதாக ஒரு பையனைச் சேர்த்திருக்கிறார்கள். உப்புமாவை இரண்டு வாய் தின்றுவிட்டுத் தட்டைத் தள்ளினான். சோற்றை வீணாக்கலாமா என்று அதட்டினேன். பக்கத்திலிருந்த மிருதுளா அவனுக்காகப் பேசினாள்.

“அவன் புதுசுங்க சார். இன்னும் பழகலீங்க.”

சாப்பிட எதற்கடா பழக வேண்டும் என்று நினைத்துக்கொண்டே நின்றேன். அவள் என்னைத் தாண்டி ஏதோ பார்ப்பது போல் பார்த்துக்கொண்டு, பாவாடை மடிப்பிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துக் கவினேஷின் தட்டில் தூவினாள். அவன் கிளறித் தின்ன ஆரம்பித்தான். வரிசையாகப் பார்த்தேன். இங்கே ஒரு பொட்டலம், அங்கே ஒரு பொட்டலம், தட்டுக்கு அடியில் கைக்குக் கை போகிறது.

மாங்காய்க் காலம் முடிந்து எத்தனையோ நாளாகிவிட்டது.

உப்பில்லாத நாளுக்குப் பொட்டலம். உப்புக் கூடிய நாளுக்குத் தண்ணீர். ஒரு பிள்ளை வீட்டில் போய்ச் சொல்லவில்லை, ஒரு பிள்ளை என்னிடம் சொல்லவில்லை. சாரே அருமை என்ற பிறகு யார் சொல்வார்கள்? அதோடு, சமைக்கிறது மிருதுளாவின் அம்மா. அந்தப் பொடிசு வகுப்பு வகுப்பாகப் போய் உப்பு விநியோகம் செய்து அம்மாவின் அடுப்பைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. நானோ பொட்டலத்தைப் பறித்து மேஜைமேல் வைத்துக்கொண்டு நீதி போதனை செய்திருக்கிறேன்.

நாளைக்குப் புவனாவிடம் சொல்லிவிட வேண்டும்.

ஜூலை 29, செவ்வாய்

சொன்னேன். அதாவது, ஒரு மாதிரி சொன்னேன். அம்மிணி, உப்பு விஷயத்தில் மட்டும் கொஞ்சம் பார்த்துக்கொள் என்றேன்.

கூடிப்போச்சுங்களா, கொறஞ்சுபோச்சுங்களா என்று கேட்டாள். அது எனக்கெப்படித் தெரியும்? பொதுவாகச் சொன்னேன் என்று சொல்லிவிட்டு மணி அடிக்கப் போய்விட்டேன். திரும்பிப் பார்த்தபோது உப்பு டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றிருந்தாள்.

ஜூலை 30, புதன்

இன்றைக்கு நடந்ததை ஆர அமர எழுத வேண்டும். மத்தியானம் ஷர்மிளா டீச்சர் என்னை வகுப்புக்குள் விடவில்லை. நீங்க உக்காருங்க சார், நான் பாத்துக்கறேன் என்றார். உட்கார்ந்து எழுதுகிறேன்.

காலையில் பொங்கல் இறக்கும் நேரத்துக்கு ஜீப் வந்தது. வட்டார அலுவலர் அம்மா. அதிகம் பேசாதவர், கையில் கைக்குட்டை, காலில் கேன்வாஸ் ஷூ. நான் அப்போதுதான் முதல் கரண்டியைச் சாப்பிட்டுவிட்டு, நெய் மணக்கிறது என்று சொல்லியிருந்தேன். மணம் எனக்கு எங்கே தெரியப் போகிறது, பழக்க தோஷம். தட்டுகள் போய்க்கொண்டிருந்தன. அவரும் ஒரு தட்டு வாங்கிப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்தார்.

ஒரு வாய். மெல்லுவது நின்றது. எப்படியோ விழுங்கிவிட்டு, பக்கத்துப் பிள்ளையின் டம்ளரை வாங்கி முழுவதும் குடித்தார். பிறகு தலையைத் தூக்கிப் பிள்ளைகளைப் பார்த்தார். எல்லோரும் டம்ளரைக் கையில் பிடித்திருந்தார்கள். மிருதுளா மட்டும் பெரிய பெரிய உருண்டையாக எடுத்து வாயில் அடைத்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் நிற்கிறது. நல்லா இருக்குதுங்க மேடம் என்றாள், கேட்காமலே.

எல்லோரும் தட்டைக் கீழே வையுங்கள் என்று அலுவலர் சொன்னார். இரைந்து சொல்லவில்லை. சமையலறைக்குள் போனார். நானும் பின்னால் போனேன். புவனா சுவரோடு சுவராக நின்றாள். நேற்று நான் சொன்ன சொல்லில் ராத்திரி முழுக்க உப்பையே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். காலையில் போட்டோமா போடவில்லையா என்ற பதற்றத்தில் இரண்டு தரம் போட்டிருக்கிறாள். மூன்று தரமாகவும் இருக்கலாம் என்று அவளே சொன்னாள். ருசி பார்க்க மாட்டாயா என்றார் அலுவலர். பிள்ளைகளுக்கு முன்னால் வாய் வைக்க மாட்டேன் என்றாள். அப்படியானால் யார்தான் பார்த்தது என்று அவர் கேட்டார்.

புவனா என்னைக் கை காட்டியிருக்கலாம். கை காட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு, எம்மேலதான் தப்புங்க என்றாள்.

மகளிர் குழுவுக்குச் சொல்லி வேறு ஆள் போடச் சொல்கிறேன் என்றார் அலுவலர். கோபமாகச் சொல்லவில்லை. பிள்ளைகள் சாப்பாட்டில் இரண்டாம் தவணை கிடையாதும்மா என்று நிதானமாகத்தான் சொன்னார். அதில் எனக்கும் மறுப்பில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே மிருதுளா நின்றிருந்தாள். அவள் அழவில்லை. அம்மாவின் முகத்தையும் என் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள்.

விடியலில் வரும் வேன் எனக்கு ஞாபகம் வந்தது. வாய் தானாகத் திறந்துகொண்டது.

“மேடம், ருசி பார்த்தது நான். எனக்கு நாக்கு செத்துப் போச்சு. மே மாசத்திலிருந்து ஒண்ணும் தெரியல. தெரிஞ்ச மாதிரி நடிச்சுட்டு இருந்தேன்.”

அவர் நம்பவில்லை. நம்பாததில் ஆச்சரியமில்லை, வேலைக்காரியைக் காப்பாற்ற யாரோ சொல்கிற சமாதானம் போலத்தான் இருந்தது. புவனாவும் நம்பவில்லை. சார் எனக்காவச் சொல்றாருங்க என்று குறுக்கே விழுந்தாள். இதென்ன வம்பாய் இருக்கிறது என்று எனக்கு ஆத்திரமே வந்துவிட்டது. மனுஷன் தன் மானத்தைத் தானே கப்பலேற்றினாலும் ஏற விட மாட்டேன் என்கிறார்களே.

வெளியே வந்தேன். வேப்பமரத்தின் தாழ்ந்த கிளையிலிருந்து கொழுந்தும் முற்றலுமாக ஒரு பிடி உருவினேன். அத்தனை பிள்ளைகளும் பார்க்க, அலுவலர் பார்க்க, அப்போதுதான் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த ஷர்மிளா டீச்சர் பார்க்க, வெற்றிலை போடுவது போல வாயில் போட்டு மென்றேன். நிதானமாக, இரண்டு கடைவாயிலும் மாற்றி மாற்றி மென்று, விழுங்கிவிட்டு, வாயைத் திறந்து காட்டினேன். முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. இன்னொரு பிடிக்குக் கை போனபோது அலுவலர் போதும் சார் என்று ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

முதலில் கவினேஷ் கை தட்டினான். அவனுக்கு வித்தை பார்த்த சந்தோஷம். அவ்வளவுதான், மொத்தப் பள்ளியும் தட்ட ஆரம்பித்தது. இன்னொரு தரம் சார் என்று நாலாம் வகுப்பிலிருந்து ஒரு குரல். அலுவலர் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு திரும்பி நின்றார். தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று புரிய எனக்குச் சற்று நேரமாயிற்று.

பிறகு நடந்தது எல்லாம் வேலைதான். தாயம்மா அக்கா தன் அரிசியையும் பருப்பையும் எடுத்துக் கொடுக்க, புவனா உப்பே போடாமல் இன்னொரு பானை வேகவைத்து அதில் கலந்தாள். அலுவலர் ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே போய்த் தாமே கிளறி, தாமே ருசி பார்த்து, இன்னும் கொஞ்சம் சாதம் சேர்க்கச் சொன்னார். முதல் மணி அடிக்கவே இல்லை. இரண்டாம் மணிக்கும் தின்றுகொண்டிருந்தோம். இவ்வளவு பொங்கல் இந்தப் பள்ளியில் இதுவரை பொங்கியிருக்காது.

போகும்போது அலுவலர் புவனாவைத் தனியாகக் கூப்பிட்டு, நீ இரு, ஆனால் இனி நீயும் பார்த்துவிட்டுத்தான் போட வேண்டும் என்றார். என்னிடம், டாக்டரைப் பாருங்கள் சார் என்றார். முதல் கரண்டியை இனிப் பெற்றோரில் ஒருவர் முறைவைத்து வந்து சாப்பிட்டுப் பார்க்கட்டும் என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

எனக்கு லேசாக இருக்கிறது. வெட்கமாகவும் இருக்கிறது. இரண்டும் ஒன்றாக இருக்க முடியும் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது.

ஜூலை 31, வியாழன்

நேற்று நான் வீடு போவதற்குள் சேதி வீட்டுக்குப் போய்விட்டிருந்தது. ஹெட்மாஸ்டர் வேப்பமரத்தையே தின்றுவிட்டார் என்று. கோகிலவாணி கதவைத் திறந்துவிட்டுச் சிரித்த சிரிப்பில் கீழ் வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

அவளுக்கு ஜூன் மாதமே தெரியுமாம். சந்தேகம் வந்த அன்றைக்குச் சோதித்துப் பார்த்திருக்கிறாள். நான் பூண்டு தட்டிப் போட்டாயா என்று சிலாகித்த அந்த ரசம், வெந்நீரில் மஞ்சள் தூள். வேறொன்றும் கிடையாது. நான் இரண்டாம் தரமும் ஊற்றச் சொல்லிக் குடித்திருக்கிறேன்.

தெரிந்தால் ஏன் கேட்கவில்லை என்றேன்.

“நீங்களாச் சொல்லுவீங்கன்னு பாத்தனுங்க. அந்த நாக்கை வெச்சுத்தான் நீங்க தண்டபாணின்னு நீங்களே நெனச்சுட்டு இருந்தீங்க. நான் அதை வெச்சா உங்களைக் கட்டிக்கிட்டேன்?”

காபி கொடுத்தாள், குடித்தேன். காபிதானா என்று கேட்டுக்கொண்டேன்.

ஆகஸ்ட் 2, சனி

ஈரோட்டில் காது மூக்குத் தொண்டை டாக்டர். காய்ச்சலுக்குப் பிறகு சிலருக்கு இப்படி ஆகிறதாம். திரும்பி வரலாம், வர நாளாகலாம், முழுசாக வராமலும் போகலாம் என்றார். தினமும் காலையும் மாலையும் எலுமிச்சை, கிராம்பு, ரோஜா, காபிக்கொட்டை நான்கையும் முகர்ந்து பழகச் சொல்லியிருக்கிறார். சாப்பாட்டுக்குப் பழக வேண்டியது நானே என்று ஆகிவிட்டது.

ஆகஸ்ட் 4, திங்கள்

புது ஏற்பாடு. கவினேஷின் அப்பா முதல் ஆளாக வந்தார், கையில் பால் கேனோடு. அவருக்கு முன்னால் புவனா ருசி பார்த்தாக வேண்டுமே, அது எப்படி என்று எனக்குக் கவலையாக இருந்தது. அவள் அதற்கு வழி வைத்திருந்தாள். இறக்கியதும் முதலில் ஒரு தட்டில் உப்புமா எடுத்து, மூடி, ஓரமாக வைத்துவிட்டாள். அது பிள்ளைகளுக்கு எடுத்து வைத்தாகிவிட்டது. அவர்களுக்குப் படைத்த பிறகு மிச்சத்தில் வாய் வைத்தால் குற்றமில்லையாம். நாலு விரலால் கொஞ்சம் எடுத்து வாயில் போட்டு, முகத்தைச் சுளித்து, உப்பு டப்பாவை எடுத்தாள். ஒரு சிட்டிகை. மறுபடி பார்த்தாள். தலையை ஆட்டினாள். அந்தத் தலையாட்டல் என்னுடைய பழைய தலையாட்டலைவிடக் கம்பீரம்.

பொட்டலங்களையெல்லாம் மிருதுளா கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்தாள். அத்தனையும் பொடி உப்பு. மாங்காய் கிடைத்தால் தருகிறேன் என்று சொல்லி டிராயருக்குள் போட்டேன்.

ஆகஸ்ட் 6, புதன்

பிள்ளைகளுக்கு வாய் திறந்துவிட்டது. சாம்பார் காரமுங்க என்று ஒருத்தன். பொங்கல்ல மொளகு வேண்டாமுங்க என்று ஒருத்தி. கத்தரிக்காயே போடாதீங்க என்று ஒரு கட்சி. எல்லாம் புவனாவின் முகத்துக்கு நேராகவே. வேணும்னா தின்னுங்க, வேண்டாம்னா ரெண்டு கரண்டியாத் தின்னுங்க என்று அவளும் விடுவதில்லை. கை நடுங்குவதைக் காணோம். சமையலறைப் பக்கம் இப்போதெல்லாம் ஒரே சத்தம். ஷர்மிளா டீச்சர் முந்தின பஸ்ஸைப் பிடித்து வர ஆரம்பித்திருக்கிறார். பாடக் குறிப்பு எழுதத்தான் என்கிறார்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

கிச்சடி.

ருசி பார்க்கும் பதவி போன பிறகு எங்கே நிற்பது என்று தெரியாமல் இரண்டு மூன்று நாளாகச் சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். இன்றைக்கு ஒரு தட்டை எடுத்துக்கொண்டு பிள்ளைகள் வரிசையில் போய் உட்கார்ந்தேன். மூட்டு மடங்க மறுத்தது, மடக்கினேன். மிருதுளா தள்ளி உட்கார்ந்து இடம் விட்டாள்.

ஒரு வாய் சாப்பிட்டேன். சூடு. மென்மை. நடுவே பட்டாணி ஒன்று பல்லில் பட்டது. அதோடு சரி. சுற்றிலும் அத்தனை பேரும் அள்ளித் தின்றுகொண்டிருந்தார்கள். தனியாக வாசலுக்கு வெளியே விடப்பட்டவன் போல எனக்கு இருந்தது. அதை முகத்தில் காட்டவில்லை என்றுதான் நினைத்தேன்.

மிருதுளா என்னைப் பார்த்துக்கொண்டே மென்றாள். ஒண்ணுமே தெரியலீங்களா சார் என்றாள். தெரியவில்லை என்றேன். யாரிடமும் இப்படி ஒரே வார்த்தையில் சொன்னதில்லை. பாவம் என்று அவள் சொல்லவில்லை. நான் வேணும்னாச் சொல்லட்டுமுங்களா என்று கேட்டாள்.

சொல்லு, எப்படி இருக்கிறது என்றேன்.

அவள் உடனே சொல்லிவிடவில்லை. ஒரு உருண்டை எடுத்து வாயில் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு, நான் பந்தியில் உட்கார்ந்து செய்வதைப் போலவே நாக்கை மேலும் கீழும் ஓட்டிப் பார்த்தாள். சமையலறை வாசலில் புவனா கரண்டியோடு நின்று, கவினேஷிடம் எதற்கோ சண்டை பிடித்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். மிருதுளா விழுங்கிவிட்டுக் கண்ணைத் திறந்தாள்.

“எங்கம்மா பயப்படாமப் பண்ணுன மாதிரி இருக்குதுங்க சார்.”

நான் இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.